ஆறாவது கண்ணாடி

எங்கள் கடைக்குள் காலெடுத்து வைக்கிற யாரும் முதலில் செய்கிற காரியம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வதுதான். தபால்காரர் இழுப்பார். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் இழுப்பார். அலமாரிக் கதவுக்குக் கண்ணாடி கேட்டு வருகிற தச்சர், உள்ளே இருக்கிற நேரம் முழுக்க இழுத்துப் பிடித்துவிட்டு வாசலைத் தாண்டியதும் பொதுக்கென்று விடுவார். நாலு பக்கமும் தன் முகமே தெரிந்தால் மனுஷன் வேறு என்னதான் செய்வான்? இருபத்திரண்டு வருஷமாக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆர்டர் எழுதுவது, அளவு சரிபார்ப்பது, சின்னச் சட்டங்களுக்குக் கண்ணாடி வெட்டிக்கொடுப்பது எல்லாம் என் வேலை. கண்ணாலேயே அரை அங்குலம் வரை சொல்லிவிடுவேன் என்பதால் தெருவில் எனக்கு அளவுக்காரி என்று பெயர். பெரிய கண்ணாடிகளைத் தூக்கிப்போய் மாட்டுவது என் வீட்டுக்காரரும் என் தம்பியும். ஒரு முனையில் இவர், மறு முனையில் அவன்.

மழை பிடித்திருந்த ஒரு காலையில் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சுற்றி இருந்த முப்பது கண்ணாடிகளில் ஒன்றில்கூடத் தன்னைப் பார்க்கவில்லை. வயிறு இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்கு அப்போதே காது நிமிர்ந்துவிட்டது. நேராக மேஜைக்கு வந்து, மாட்டுவீர்கள் என்று தெரியும், கழற்றித் தருவீர்களா என்று கேட்டாள். பின் தெருவில் இருக்கிற பழைய கோடவுனை அவள் எடுத்திருந்தாள். அதற்கு முன்னால் அங்கே நடன வகுப்பு நடந்ததால் சுவர் முழுக்க ஆறு பெரிய கண்ணாடிகள். அவை வேண்டாமாம். அங்கே உடற்பயிற்சிக் கூடம் வைக்கப்போகிறாளாம்.

கண்ணாடி இல்லாமல் உடற்பயிற்சிக் கூடமா? முடி வெட்டுகிற கடையில்கூடக் கண்ணாடி இல்லாமல் ஒப்பேற்றிவிடலாம், இங்கே எப்படி? வருகிறவன் தன் புஜத்தைப் பார்க்க வேண்டாமா? வாயை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. கேட்டே விட்டேன்.

"கண்ணாடி முன்னாடி நின்னா எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கறாங்க அக்கா. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு பாரம் தூக்கக்கூடாது," என்றாள்.

அவ்வளவுதான் பதில். முன்பு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் இருந்தாளாம். அழகாக ஆகவேண்டும் என்று வருகிறவர்களுக்கு ஊரில் ஆயிரம் இடம் இருக்கிறது, தன்னிடம் வருகிறவர்கள் மாடி ஏறவும், பேரப்பிள்ளையைத் தூக்கவும், கீழே விழுந்தால் தானாக எழுந்திருக்கவும் கற்றுக்கொண்டால் போதும் என்றாள். ஆர்டரை எழுதிக்கொண்டேன். அவள் போன பிறகும் அந்தப் பேச்சு எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் இவரும் தம்பியும் போய் ஆறு கண்ணாடிகளையும் இறக்கிக்கொண்டு வந்தார்கள். கடைசிக் கண்ணாடியில் மட்டும் ஒரு மூலை போயிருந்தது. படியில் இடித்துவிட்டது என்று தம்பி சொன்னான். பழைய கண்ணாடிதானே, போனால் போகிறது என்று நானும் விட்டுவிட்டேன். இவர் மட்டும் அன்றைக்கு அரைச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் இவர் காலையில் காணாமல் போக ஆரம்பித்தார்.

விடிந்ததும் ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே என்றால், நடக்கப் போகிறேன் என்பார். ஐம்பத்திமூன்று வயதில் மனுஷனுக்குப் புத்தி வந்திருக்கிறது என்று முதல் பத்து நாள் எனக்கு ஒரே பெருமை. அளவுக்காரியின் புருஷன் அல்லவா, தொப்பை குறைகிற அழகை நானும் அளந்து பார்க்கலாம் என்று காத்திருந்தேன். நேரடியாக டேப்பைக் கொண்டுபோனால் கோபித்துக்கொள்வார். அதனால் கொடியில் காய்கிற பேண்ட்டின் இடுப்பை அளந்தேன். பெல்ட்டில் எந்த ஓட்டையில் கொக்கி விழுகிறது என்று பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று, முப்பத்தெட்டு முப்பத்தெட்டாகவே இருந்தது. கொக்கி அதே ஓட்டையில்தான் விழுந்தது. மூன்றாவது மாதம், கொட்டுகிற மழையில் நடந்துவிட்டு வந்ததாகச் சொன்ன அன்று, அவருடைய ஷூவைப் புரட்டிப் பார்த்தேன். சேறு இல்லை. ஒன்றரை மணி நேரம் மழையில் நடந்த ஈரமும் இல்லை.

தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் நடக்காத மனுஷன் எங்கே போகிறான்? வேர்த்து விறுவிறுத்து வருகிறான், ஆனால் தொப்பை மட்டும் ஒரு நூல் குறையவில்லை. நான் என்ன நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நினைத்தேன், அவ்வளவுதான். கண்ணாடியே பார்க்காத அந்தக் கோடவுன்காரியின் முகமும் நடுநடுவே வந்து போயிற்று.

அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாக இவரையே கவனித்தேன். கவனிக்கக் கவனிக்கச் சங்கதி இன்னும் குழம்பியது. இருபது வருஷமாகத் தரையிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா" என்று ஒரு ராகம் இழுப்பார். அந்த ராகத்தைக் காணோம். மூடி திறக்காத பாட்டிலைக் கொடுத்தால், பேசிக்கொண்டே திறந்து கொடுத்தார். தீர்ந்துபோன கேஸ் சிலிண்டரை மாற்றப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவது வழக்கம். அந்த மாதம் கூப்பிடவில்லை. சட்டையில் தைல வாசனை நின்று எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. பார்வைக்கு ஆள் அதே ஆள். ஆனால் உள்ளே யாரோ வேறு ஆளைக் குடி வைத்த மாதிரி இருந்தது.

தம்பியின் வாயைக் கிளறிப் பார்த்தேன். அவன் பிடி கொடுக்கவில்லை. மாமா நன்றாகத்தானே இருக்கிறார், உனக்கு என்ன குறை என்று என்னையே மடக்கினான்.

பொறுத்தது போதும் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் பின்னாலேயே போனேன். இவர் பின் தெருவில் திரும்பினார். கோடவுனுக்குள் நுழைந்தார். கையும் களவுமாகப் பிடித்து நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடுவது என்று பக்கத்துச் சந்தில் புகுந்து, பாதி திறந்திருந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தடித்த கண்ணாடி போட்ட ஒரு பள்ளிக்கூட எழுத்தர் அம்மா நாற்காலியில் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தார். முக்கால்வாசி வழுக்கை விழுந்த ஒரு பேருந்து ஓட்டுநர் தரையில் மல்லாந்து படுத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்க முயற்சி செய்துகொண்டிருந்தார். ரொட்டிக் கடைக்காரர் ஒரு மணல் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவரும் ஒல்லியாக இல்லை. ஒருவரும் வயிற்றை இழுத்துக்கொள்ளவில்லை. ஆறு கண்ணாடிகள் இருந்த சுவரில் பசை காய்ந்த தடம் மட்டும் கட்டம் கட்டமாக இருந்தது.

இவர் கைக்கு ஒன்றாக இரண்டு இரும்பு எடைகளைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனால் தோள் ஆடவில்லை. பிறகு எடையைக் கீழே வைத்தார் பாருங்கள். தரையில் இரண்டு மரச்சட்டங்களைப் போட்டு, அவற்றின் மேல் எடையின் ஓரத்தை முதலில் பதித்து, சத்தம் வராமல் மெல்லச் சாய்த்துச் சுவரோடு நிறுத்தினார். முப்பது கிலோ வார்ப்பிரும்பு அது. மூன்றாவது மாடியிலிருந்து போட்டால்கூடத் தரைக்குத்தான் சேதம். கண்ணாடி வைக்கிற கை இரும்பையும் கண்ணாடி மாதிரியே வைக்கிறது. எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்துவதற்குள் கோடவுன்காரி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"உள்ளே வாங்க அக்கா. ஜன்னல்ல நின்னா கழுத்து பிடிச்சுக்கும்," என்றாள்.

பிடிக்கப் போனவள் பிடிபட்டேன். இவர் அசடு வழிந்துகொண்டு நின்றார்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். உடம்பைத் தேற்றிக்கொள்வது ஒளித்துச் செய்கிற காரியமா? தொப்பை குறையவில்லை என்று நான் கிண்டல் செய்வேன் என்றா? கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூலையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, சொன்னார்.

அது ஆறாவது கண்ணாடியில் நடந்தது. ஐந்து கண்ணாடிகளை ஒழுங்காக இறக்கி, பின்பக்க நான்கு படிகளில் கொண்டுபோய் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஆறாவதைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது இவருடைய இடது கை செத்துப்போயிற்று. விரல்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன, பிடி மட்டும் இல்லை. கண்ணாடி ஒரு சாண் சறுக்கி, தம்பி பக்கத்து மூலை படியில் மோதித் தெறித்தது. தெறித்த இடத்தில்தான் அதற்கு ஒரு நொடி முன்பு தம்பியின் கால் இருந்தது. படி இடித்துவிட்டது மாமா என்று அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். கதவோரம் நின்றிருந்த கோடவுன்காரி மட்டும் இவர் கையைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. வண்டி கிளம்பும்போது, திங்கட்கிழமை காலையில் வாருங்கள் என்று மட்டும் சொன்னாளாம்.

"கை போகுதுன்னு முன்னாடியே தெரியலையா?" என்று கேட்டேன்.

"மூணாவது கண்ணாடியிலயே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் தொழிலில் 'இறக்கு' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. கண்ணாடி தூக்கிப்போகும்போது யாருக்குக் கை தளர்ந்தாலும் அதைச் சொல்ல வேண்டும். சொன்ன மாத்திரத்தில் இரண்டு பேரும் நின்று, சேர்ந்து கீழே வைக்க வேண்டும். சொல்லலாம் என்றுதான் விதி. ஆனால் யாரும் சொல்வதில்லை. முதலில் சொன்னவன் தோற்றவன் என்று ஒரு வழக்கம் எங்கள் கடையில் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. தம்பி வருவதற்கு முன்னால் எங்களிடம் ஒருவர் வேலை பார்த்தார். இரண்டாவது மாடியில் ஒருமுறை அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குப் பெயரே 'இறக்கு' என்று ஆகிவிட்டது. இறக்கு வந்தாச்சா, இறக்கு சாப்பிட்டாச்சா என்று கடையே சிரித்தது. ஆறு மாதத்தில் அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். அந்தப் பெயரை வைத்தது நான்தான். வைத்த அன்று நானே என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன்.

பெஞ்சில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வாய்க்குப் பயந்து ஒரு மனுஷன் என் தம்பியின் காலில் கண்ணாடியைப் போடப் பார்த்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் முழுப் பாரமும் தெரிந்தது. எட்டே நாளில் ஒரு பெரிய வேலை இருந்தது. ஒரு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் தடுப்புக்கு வைக்கிற கண்ணாடி. எட்டடிக்கு ஐந்தடி, எட்டு எம்எம் கனம். எடை எழுபத்தைந்து கிலோவுக்குப் பக்கம் வரும். லிஃப்டில் அடங்காது, படியில்தான் போக வேண்டும். படியில் கீழ்முனைக்காரனுக்குப் பாரம் அதிகம். கீழ்முனை எப்போதும் இவர்தான். மேல்முனையில் என் தம்பி. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள், சின்னவளுக்கு இப்போதுதான் பல் விழுகிறது. கை விடுமா விடாதா என்று தெரியாமல் அவனை எப்படி அனுப்புவேன்? அவனிடம் சொல்லிவிட்டால், இவரை மேஜையில் உட்கார வைத்துவிட்டு வேறு ஆள் பார்க்க வேண்டும். இருபத்தாறு வருஷம் கண்ணாடி தூக்கிய மனுஷனை என் பக்கத்தில் பில் எழுத உட்கார வைத்தால் அவர் உயிர் அங்கேயே போய்விடும். ஒரு முனையில் புருஷன், மறு முனையில் உடன்பிறந்தவன். நடுவில் நான் கிடந்து தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

இவர் அதற்குத் தேறிவிட்டாரா என்று கோடவுன்காரியிடம் போய்க் கேட்டேன். வந்தபோது ஆறு கிலோ, இப்போது முப்பது கிலோ என்று கணக்காகச் சொன்னாள். ஆனால் கண்ணாடி தூக்குவதைப் பற்றித் தனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும் என்று பந்தை என் பக்கமே தள்ளிவிட்டாள். சரி, அளந்து பார்க்காமல் எதையும் நம்புகிறவள் நான் இல்லை. சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கண்ணாடி அளவுக்கு ஒரு பிளைவுட் பலகை எடுத்து, அதன் அடிப்பக்கம் நெடுக மணல் பைகளை வைத்துக் கட்டி, எழுபத்தைந்து கிலோவுக்குக் கொண்டுவந்தேன். கோடவுனுக்குப் பின்னால் மொட்டை மாடிக்குப் போகிற இரும்புப் படிக்கட்டு இருந்தது, பதினெட்டுப் படி. பலகையில் ஒரு கயிற்றைக் கட்டி, மேலே கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றி, கோடவுன்காரி தளர்வாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆபத்து வந்தால் கயிறு பிடித்துக்கொள்ளும். கீழ்முனை இவர். மேல்முனைக்கு யார்? தம்பியைக் கூப்பிட முடியாது. நானே பிடித்தேன்.

இத்தனை வருஷமாக அந்த அளவுகளை எழுதியிருக்கிறேனே தவிர ஒரு நாளும் முனையைப் பிடித்ததில்லை. எட்டடிக்கு ஐந்தடி என்று எழுதுவது இரண்டு நொடி வேலை. தூக்கினால்தான் தெரிகிறது. மூன்றாவது படியில் முழங்கை எரிந்தது. ஐந்தாவது படியில் விரல்கள் என்னுடையவை இல்லை என்று தோன்றியது. இறக்கு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. இன்னும் ஒரு படி, இன்னும் ஒரே ஒரு படி என்று பல்லைக் கடித்தேன். ஏழாவது படியில் கை விட்டுவிட்டது. விட்டால் விலகி நில் என்று புது ஆட்களுக்கெல்லாம் நானே பாடம் நடத்தியிருக்கிறேன், அதனால் கால் தானாக விலகிக்கொண்டது. மேல்முனை டமாரென்று படியில் மோதி, பலகை மொத்தமும் இவரை நோக்கிச் சறுக்கியது.

சறுக்கி ஒரு முழம்கூடப் போகவில்லை. தோளைக் கொடுத்து, முட்டியை மடக்கி, அப்படியே நிறுத்திவிட்டார். கயிறு இறுகவே இல்லை, தளர்வாகவே தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கி, பலகையைத் தரையில் சாய்த்து வைத்தார். சத்தமில்லாமல்.

எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது. அடுத்த நொடியே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கண்ணாடியாக இருந்தால் கழுத்து அறுந்திருக்குமே, விட்டுவிட்டு விலகவேண்டும் என்று தெரியாதா, சின்னப் பையனா நீங்கள் என்று கத்தினேன். கைக்கு விடத் தெரியவில்லை என்று சொல்லி, சிரித்துக்கொண்டு நின்றார். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. கோடவுன்காரி மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றைச் சுற்றிக்கொண்டே இறங்கி வந்தாள்.

"பலத்தைப் பத்தி எனக்குக் கவலை இல்லை அக்கா. இங்க வர்றவங்க எல்லாரும் தினம் ஒரு தடவையாவது 'போதும்'னு சொல்லுவாங்க. இவர் நாலு மாசத்துல ஒரு நாள்கூடச் சொல்லல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

இவருடைய சிரிப்பு நின்றுபோயிற்று. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நானும்தானே பல்லைக் கடித்துக்கொண்டு ஏழாவது படி வரை போனேன். யாருக்குப் பயந்து? என்னை நானே கிண்டல் செய்துவிடுவேன் என்றா?

திரும்பி நடந்து வரும்போது ஒன்றே ஒன்று சொன்னேன். பலம் வந்துவிட்டது, நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறு முனையில் நிற்கிறவனுக்கு ஆறாவது கண்ணாடியைப் பற்றித் தெரியாமல் இந்தக் கண்ணாடி மாடி ஏறாது. நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா? தானே சொல்வதாகச் சொன்னார். சொல்வதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் தம்பி அவசரத்தில் இருந்தானாம். மூன்றாம் நாள் கடையில் வேறு யாரும் இல்லாத மத்தியானத்தில், தம்பி குந்தி உட்கார்ந்து பழைய செய்தித்தாளால் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இவர் அவன் முன்னால் போய் நின்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். மூன்றாவது கண்ணாடியிலேயே கை தளர்ந்ததையும், சொல்லாமல் தூக்கியதையும், காலையில் எங்கே போகிறார் என்பதையும் பூசி மெழுகாமல் சொன்னார். தம்பி துடைப்பதை நிறுத்தவில்லை. அவன் எழுந்து நின்று கத்துவான் என்று நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும் மாமா. உங்க முனை தளர்ந்து என் பக்கம் கனக்கறது என் கைக்குத் தெரியாதா? அதான் அன்னைக்கு நானே காலை இழுத்துக்கிட்டேன்," என்றான்.

நான்தான் கேட்டேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை, தெரிந்தும் மறுநாளிலிருந்து ஏன் அதே முனையைப் பிடித்தாய் என்று கேட்டேன்.

"சொன்னா நீ இவரை மேஜையில உக்கார வச்சிடுவே. அப்புறம் நான் வேற யாரோட பிடிக்கிறது அக்கா?"

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். அழுதேன். கோபமும் வந்தது, அது இவர்கள் மேலா, என் மேலா என்று பிரிக்க முடியவில்லை. முட்டாள்கள், முட்டாள்கள் என்று வாய்விட்டுச் சொன்னேன். உயிரைக் கொடுத்தாலும் கொடுப்பார்கள், ஒரு சின்ன வார்த்தையைக் கொடுக்கமாட்டார்கள். திரும்பி வந்தபோது இவர் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதே கண்ணாடியின் மறுபாதியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இனிமேல் கை தளர்ந்தால் சொல்லிவிடுவேன் மாப்பிள்ளை என்றார். சொல்லுங்கள், எனக்கு அந்த வார்த்தையே தேவைப்படாது, நான் சின்ன வயசுக்காரன் என்று தம்பி மார்தட்டினான். நான் அந்த இடத்திலேயே இரண்டு பேரிடமும் சொன்னேன், இனி இந்தக் கடையில் அந்த வார்த்தைக்காக யாரையும் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது, முதலில் நான் சிரிக்கமாட்டேன் என்று. நீ சிரிக்காமல் இருப்பாயா என்று இரண்டு பேரும் சேர்ந்து சந்தேகப்பட்டார்கள். நியாயமான சந்தேகம்தான்.

அந்த நாளும் வந்தது. நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டதற்கு, அளவு சரிபார்க்க என்றேன். அளவை ஏற்கெனவே மூன்று முறை சரிபார்த்திருந்தேன். அலுவலகக் கட்டடத்தின் படிக்கட்டு குறுகல், ஒவ்வொரு மாடிக்கும் நடுவில் ஒரு திருப்பம். கண்ணாடி போகும்போது கீழே யாரும் நிற்கக்கூடாது என்பது சட்டம். அதனால் நான் வாசலுக்கு வெளியே நடைபாதையில் நின்றேன். அங்கிருந்து படிக்கட்டு தெரியாது. சத்தம் மட்டும் வரும்.

முதல் மாடி ஏறினார்கள். இவருடைய காலடி எது, தம்பியுடையது எது என்று என்னால் பிரிக்க முடிந்தது. இவர் கால் அழுத்தமாக, ஒரே சீராக விழுந்தது. திருப்பத்தில் நின்றார்கள், திரும்பினார்கள், மறுபடி ஏறினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒருவருடைய காலடி கொஞ்சம் தடுமாறியது. யாருடையது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இரண்டு படி போனது. மூன்றாவது படியில் எல்லாச் சத்தமும் நின்றுபோயிற்று. என் கை என்னை அறியாமல் வாசல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டது. சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று இவரை மனசுக்குள் கெஞ்சினேன்.

"இறக்கு," என்று கேட்டது. மூச்சுத் திணறி, பாதி விழுங்கின குரல். "மாமா, இறக்கிடலாம். எனக்கு முடியல."

என் தம்பியின் குரல்.

அப்புறம் இவர் பேசினார். அவசரமே இல்லை அந்தப் பேச்சில்.

"சரி மாப்பிள்ளை. மெதுவா இறக்கு. என் முனையை நான் நல்லா பிடிச்சிருக்கேன்."